“அனுசரித்துப் போ” என்று சொன்னால் ஆலோசனை ஆகுமா?

குடும்ப நல விளக்க வெளியீடு
பெண்களின் மன உளைச்சலும், அதற்கேற்ற ஆலோசகரைத் தேடிக்கொள்ளும் வழியும்



குடும்ப நலம் என்றவுடன் உங்கள் நினைவுக்கு வருவது என்ன? லூப், மாத்திரை, ஆபரேஷன், தடுப்பூசி, சத்துமாவு. இவையெல்லாம் அவசியமானவையே. ஆனால் “குழந்தைக்கு ஊசி போட்டாச்சா?” என்று வீடு தேடி வந்து கேட்கிற நாங்கள், “உன் மனசு எப்படிம்மா இருக்கு?” என்று தாயைக் கேட்பது குறைவு. வீட்டில் உள்ளவர்கள் கேட்பது அதைவிடக் குறைவு. அந்தக் கேள்வியைப் பற்றியதே இந்த வெளியீடு. கணவன், மனைவி இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

ஒரு வீட்டின் கதை

சென்னீர்குப்பத்தில், பூந்தமல்லி – ஆவடி சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒரு வீடு. பெயர் வேண்டாம், இந்தக் கதை ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. கணவருக்குக் கம்பெனியில் ஷிப்டு வேலை. மனைவிக்கு இருபத்தாறு வயது. மூத்தது பெண், இரண்டாவதும் பெண். இரண்டாவது பிறந்து மூன்று மாதம் ஆகிறது.

“என்னமோ தெரியல நர்ஸம்மா. உடம்பெல்லாம் அசதி. கொழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வர்ல. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது” என்று அந்தப் பெண் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொன்னாள். ரத்த அழுத்தம் பார்த்தார்கள், சரியாக இருந்தது. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த மாதமும் அதே அசதி.

“மந்திரிச்சுத் தாயத்தும் கட்டியாச்சு, இன்னும் மூஞ்சி தெளியல” என்றார் மாமியார். “எல்லாம் சோம்பேறித்தனம்தாங்க. நைட் ஷிப்டு முடிச்சு வந்தா வூட்டுல ஒரு டீ கூட இல்ல” என்றார் கணவர்.

உறவினர் ஒருவர் சொன்னதன் பேரில், ஆலோசனை சொல்லும் ஒருவரிடம் அவளை அழைத்துப் போனார்கள். ஒரு பக்கம் மாமியார், மறு பக்கம் கணவர், நடுவில் அவள். பதினைந்து நிமிடத்தில் ஆலோசனை முடிந்துவிட்டது. “பொம்பளைன்னா கொஞ்சம் அனுசரிச்சுத்தான் போகணும்மா. குடிச்சாலும் சம்பளத்தைக் கொண்டாந்து குடுக்கிறாரு இல்ல? நீதான் மனசைத் தேத்திக்கணும்.” அவள் தலையாட்டினாள். அதற்குப் பிறகு வீட்டில் யாரிடமும் பேசவில்லை.

ஒரு வாரம் கழித்துக் குழந்தைக்கு ஊசி போட வந்தபோது, செவிலியரிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: “நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி நர்ஸம்மா.”

அந்தச் செவிலியர் அதை வெறும் பேச்சு என்று விட்டுவிடவில்லை. பின்னர் நடந்ததை இந்த வெளியீட்டின் நடுவில் சொல்கிறோம். அதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வோம்.

மனத்தின் வலியை உடம்பு சொல்லும்

நம் ஊர்ப் பெண்கள் “எனக்கு மனச்சோர்வு” என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. உடம்பு வலி, தலைவலி, கை கால் எரிச்சல், படபடப்பு, பசியின்மை என்றுதான் வருவார்கள். வெள்ளைப்படுதல் என்று வரும் பெண்களில் சிலருக்குப் பரிசோதித்துப் பார்த்தால் கிருமித் தொற்று எதுவும் இருப்பதில்லை, மனச்சோர்வு இருக்கும். ஆகவே உடம்புக்கான பரிசோதனையை முதலில் செய்துகொள்ளுங்கள். அதில் ஒன்றும் தெரியவில்லை என்றால் “ஒன்றுமில்லை, நடிக்கிறாள்” என்று முடிவு கட்டாதீர்கள்.

கீழ்க்கண்டவற்றில் சில, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கவனிக்க வேண்டும்:

– எதிலும் விருப்பம் இல்லாமை. பிடித்த வேலையும் பாரமாகத் தெரிவது
– தூக்கமின்மை, அல்லது எந்நேரமும் படுக்கத் தோன்றுவது
– காரணமில்லாமல் அழுகை, எரிச்சல்
– குழந்தையிடம் பாசம் வரவில்லையே என்ற குற்ற உணர்வு
– “என்னால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை” என்ற எண்ணம்
– சாக வேண்டும் என்ற எண்ணம் அல்லது பேச்சு

பிரசவமான சில நாட்களிலோ வாரங்களிலோ ஒரு பெண் தூக்கமே இல்லாமல் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, யாரோ காதில் பேசுவதாகச் சொன்னாலோ, குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசினாலோ, அது பேயும் அல்ல, காற்றுக் கருப்பும் அல்ல. அவசர நோய். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தாயையும் சேயையும் தனியே விடக்கூடாது. சிகிச்சையால் குணமாகக்கூடிய நோய் இது.

காரணம் எங்கே இருக்கிறது?

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் பிரசவித்த பெண்களிடம் ஓர் ஆய்வு நடத்தி 2002-இல் வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பிறகு 100 பேரில் 11 பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. யாருக்கு வந்தது என்று பார்த்தார்கள். வருமானம் குறைந்த வீடு. ஆண் குழந்தையை எதிர்பார்த்த இடத்தில் பெண் குழந்தை பிறந்தது. மாமியாருடனோ பெற்றோருடனோ மனக்கசப்பு. கர்ப்பமாக இருந்தபோது நேர்ந்த கஷ்டங்கள். பிரசவத்துக்குப் பிறகு ஒத்தாசைக்கு ஆள் இல்லாமை. இவைதான் முன்னே நின்றன.

இந்தப் பட்டியலை மறுபடியும் ஒருமுறை படியுங்கள். இதில் எது அந்தப் பெண்ணின் குணக்கோளாறு? ஒன்றுகூட இல்லை. எல்லாம் அவளைச் சுற்றியுள்ள வீட்டிலும் ஊரிலும் இருப்பவை.

2019–21-இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100-க்கு 38 பேர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். அடி வாங்கும் பெண்ணுக்குத் தூக்கம் வரவில்லை என்றால், தூக்க மாத்திரை மட்டும் கொடுத்தால் போதுமா?

எங்கள் சுகாதாரத் துறை வேலையிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறோம். ஒரு தெருவில் பிள்ளைகளுக்கெல்லாம் வயிற்றுப்போக்கு. பிள்ளைகளுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கத்தான் வேண்டும், கொடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து. ஆனால் அதோடு நின்றுவிடுவோமா? கிணற்றைப் பார்ப்போம், தண்ணீரைச் சோதிப்போம், பிளீச்சிங் பவுடர் போடுவோம். கிணறு கெட்டிருக்கும்போது “உன் வயிறு சரியில்லை, பொறுத்துக்கொள்” என்று பிள்ளையிடம் சொல்வோமா? மன உளைச்சலுக்கும் அப்படித்தான். பெண்ணுக்கு மருந்தும் வேண்டும், கிணற்றையும் பார்க்க வேண்டும்.

இந்த முறைக்கு என்ன பெயர்?

இதற்குப் பெண்ணிய மனநல ஆலோசனை என்று பெயர். பெயர் பெரிதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். பெண்ணியம் என்றால் ஆணுக்கு விரோதம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஆணைப் போலவே பெண்ணும் ஒரு முழு மனிதப் பிறவி; அவளுக்கும் விருப்பம் உண்டு, களைப்பு உண்டு, மானம் உண்டு. இதை மறக்காமல் செய்யப்படும் ஆலோசனை, அவ்வளவே.

அமெரிக்காவில் 1970-இல் ஓர் ஆய்வு வெளியானது. மனநலத் துறையில் வேலை செய்தவர்களிடமே கேட்டார்கள்: நல்ல மனநலம் உள்ள ஆண் எப்படி இருப்பான்? நல்ல மனநலம் உள்ள பெண் எப்படி இருப்பாள்? வயது வந்த ஒரு மனிதர் எப்படி இருக்க வேண்டும்? ஆணுக்குச் சொன்ன குணங்களும் மனிதருக்குச் சொன்ன குணங்களும் ஒன்றாக இருந்தன. பெண்ணுக்கு மட்டும் வேறு: அடக்கமாக இருப்பாள், பிறர் சொல்லுக்கு எளிதில் இணங்குவாள், சொந்தமாக முடிவெடுக்க மாட்டாள் என்று சொன்னார்கள். அதாவது நல்ல பெண்ணாக இருந்தால் முழு மனிதராக முடியாது. முழு மனிதராக நடந்தால் நல்ல பெண் இல்லை! படித்த மருத்துவர்களின் அளவுகோலே கோணலாக இருந்தது. அந்தக் கோணலைப் பார்த்த பெண் உளவியலாளர்கள் அந்த ஆண்டுகளில் உருவாக்கியதே இந்தப் புதிய முறை.

நம் நாட்டில் பம்பாயில் 1984-இல் போலீஸ் கமிஷனர் அலுவலகத்திலேயே பெண்களுக்கான தனிப் பிரிவு ஒன்றை டாடா சமூக அறிவியல் நிறுவனம் தொடங்கியது. அடிபட்டு வரும் பெண்ணுக்குப் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் ஒருவர் உட்கார்ந்து காது கொடுக்கும் இடம் அது. பின்னர் 2000-இல் அதே நகரின் பாந்த்ரா பகுதியில் உள்ள மாநகராட்சி ஆஸ்பத்திரியில் ‘திலாசா’ என்ற பிரிவு வந்தது. திலாசா என்றால் ஆறுதல். ஏன் ஆஸ்பத்திரியில்? அடிபட்ட பெண் போலீஸுக்குப் போகப் பயப்படுவாள். ஆஸ்பத்திரிக்கு எப்படியும் வந்துதான் தீருவாள். “மாடிப்படியில் விழுந்தேன்” என்று சொல்லுவாள். அங்குள்ள நர்சும் டாக்டரும் காயத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, பக்கத்து அறைக்கு அனுப்புவார்கள். அந்த அறையில் கதவைச் சாத்திவிட்டு, நிதானமாகக் கேட்க ஓர் ஆள் இருப்பார்.

அந்த அறையில் என்ன நடக்கும்?

இப்போது நம் சென்னீர்குப்பத்துப் பெண்ணிடம் திரும்புவோம்.

செவிலியர் குழந்தையை மாமியார் மடியில் கொடுத்துவிட்டு, “இவளுக்கு ஒரு பரிசோதனை இருக்கு” என்று அவளை மட்டும் உள்ளே அழைத்துப் போனார். “சாகணும்னு தோணுதாம்மா?” என்று நேரடியாகவே கேட்டார். இப்படிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி அல்ல, கேட்டால் பாரம் குறையும். அவள் அழுதாள். அங்கிருந்தே 14416-க்குப் போன் போட்டுப் பேச வைத்தார். மறுநாள் பூந்தமல்லி அரசு ஆஸ்பத்திரிக்குத் தானே கூட வந்தார். டாக்டர் பார்த்து, மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார். தாய்ப்பால் கொடுப்பவர் என்று தெரிந்து அதற்கேற்ற மருந்து தரப்பட்டது. ஆலோசகர் ஒருவரும் கிடைத்தார்.

இந்த ஆலோசகர் அவளைத் தனியாக உட்கார வைத்தார். “உனக்கு என்ன கோளாறு?” என்று அவர் கேட்கவில்லை. “உனக்கு என்ன நேர்ந்தது?” என்று கேட்டார். அவளுடைய ஒரு நாளை மணி வாரியாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். காலை நாலரைக்கு எழுந்தால் இரவு பதினொன்றுக்குப் படுக்கை. நடுவில் குழந்தைக்கு மூன்று முறை பால். சாப்பிடுவது எல்லோருக்கும் கடைசியில். கையில் சொந்தப் பணம் ஒரு ரூபாய் கிடையாது. அம்மா வீட்டுக்குப் போய் ஏழு மாதம். “அடிப்பாரா?” என்று கேட்டதும் நெடுநேரம் பேசவில்லை. “ரெண்டாவதும் பொண்ணுன்னு தெரிஞ்ச அன்னிக்கு ஒரு தபா. அப்புறம் குடிச்சிட்டு வந்தப்ப ஒரு தபா.”

அந்தத் தாளை அவளிடமே காட்டி ஆலோசகர் சொன்னார்: “இத்தனை பாரத்தை யார் தலையில் வைத்தாலும் அவங்களுக்கு இந்த அசதி வரும். நீ பலவீனமானவள் இல்லை. இவ்வளவு நாள் தாங்கியிருக்கிறாய்.” பிறகு இன்னொரு விஷயமும் சொன்னார். குழந்தை ஆணா பெண்ணா என்பதை நிச்சயிப்பது ஆணின் விந்தணு. பெண்ணின் கருமுட்டைக்கு அதில் பங்கு இல்லை. மூன்று மாதமாக அவள் சுமந்த பழி பொய்ப் பழி.

“அப்போ நான் இன்னா பண்ணணும்?” என்று அவள் கேட்டாள். “நீ சொல்லு, முதலில் எது மாறினா உனக்கு மூச்சு விட முடியும்?” அவள் யோசித்துச் சொன்னாள்: “மத்தியானம் ரெண்டு மணி நேரம் தூங்கணும்.” அங்கிருந்துதான் தொடங்கினார்கள்.

கணவரையும் வரச் சொன்னார்கள். ஆனால் அவள் சம்மதம் கேட்ட பிறகு, தனியாக, வேறொரு நாளில். குடியைப் பற்றியும் அடியைப் பற்றியும் அவரிடம் ஒளிவு மறைவில்லாமல் பேசினார்கள். குடி ஒரே நாளில் நின்றுவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டோம். ஆனால் அடி நின்றது. மதியம் இரண்டு மணி நேரம் மாமியார் குழந்தையைப் பார்த்துக்கொண்டார். ஆறு வாரத்தில் அவளுக்குத் தூக்கம் வந்தது.

இரண்டு ஆலோசகர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று பாருங்கள். முதலாமவர், வீட்டில் எதுவும் மாறாமல் அவள் மட்டும் மாற வேண்டும் என்றார். இரண்டாமவர், அவள் தேறுவதற்கு வீட்டிலும் சில மாற வேண்டும் என்றார்.

யாரிடம் போவது?

மனநலம் பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரே வகை அல்ல.

மனநல மருத்துவர்: எம்.பி.பி.எஸ். படித்து, அதன் மேல் மனநல மருத்துவம் படித்தவர். மருந்து எழுதித் தருபவர் இவர்தான்.

சிகிச்சை உளவியலாளர்: பேச்சு வழிச் சிகிச்சை தருபவர். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்கலாம்.

மனநல சமூகப் பணியாளர், ஆலோசகர்: குடும்பம், வேலை, சட்டம், உதவித் திட்டம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து வழி சொல்பவர்.

சென்னீர்குப்பம், பூந்தமல்லி, திருவேற்காடு, ஆவடி பக்கத்தில் உள்ளவர்கள் முதலில் துணை சுகாதார நிலையச் செவிலியரிடமோ, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடமோ சொல்லுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எங்கே, எந்தக் கிழமை பார்க்கிறார் என்று அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பூந்தமல்லி அரசு ஆஸ்பத்திரியிலும், திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் விசாரியுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் மருந்துக்குப் பணம் இல்லை.

சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. “உன்னைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பணும்” என்று ஏசுவது நம் பக்கத்து வழக்கம். அதனாலேயே பலர் அந்தப் படி ஏறக் கூசுகிறார்கள். 1794-இல் தொடங்கிய நிறுவனம் அது. 1961 முதல் 1978 வரை அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். 1984-இல் ‘ஸ்கார்ஃப்’ என்ற மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சென்னையில் தொடங்கியவரும் அவரே. இன்றைக்குக் கீழ்ப்பாக்கத்தில் வெளிநோயாளராகப் போய், டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கிக்கொண்டு அன்றே வீடு திரும்பலாம்.

போனில் பேச வேண்டுமா?

– 14416: டெலி மானஸ் மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவும் பகலும், தமிழிலும் பேசலாம். கட்டணம் இல்லை.
– 181: பெண்கள் உதவி எண். அடி, உதை, மிரட்டல் இருந்தால் அழைக்க வேண்டியது.
– 044-24640050: சென்னை ‘சிநேகா’ தற்கொலைத் தடுப்பு மையம். டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கியது.
– 15100: இலவச சட்ட உதவி.

உங்கள் கையில் சொந்த போன் இல்லை என்றால் செவிலியரிடம் கேட்டு அங்கிருந்தே பேசலாம். வீட்டு போனில் பேசி, அது தெரிந்தால் அடி விழும் என்ற பயம் இருந்தால், பேசிய எண்ணைப் பட்டியலிலிருந்து அழித்துவிடுங்கள்.

வீட்டில் வன்முறை இருந்தால் மாவட்டத்தில் உள்ள ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையத்தை நாடலாம். மருத்துவ உதவி, போலீஸ் உதவி, சட்ட உதவி, ஆலோசனை, தற்காலிகத் தங்குமிடம் எல்லாம் அங்கே ஒரே இடத்தில் கிடைக்கும். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அடிப்பது மட்டும் வன்முறை அல்ல என்று அது சொல்கிறது. இழிவாகப் பேசுவது, ஆண் குழந்தை பெறவில்லை என்று ஏசுவது, செலவுக்குப் பணம் தராமல் வைப்பது, வற்புறுத்திப் படுக்கைக்கு அழைப்பது எல்லாம் அதில் அடங்கும். இந்தச் சட்டப்படி புகார் செய்ய மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார்.

நல்ல ஆலோசகரை அறிவது எப்படி?

புடவை எடுக்கும்போது நாலு கடை ஏறி இறங்குகிறோம், விரித்துப் பார்க்கிறோம், சாயம் போகுமா என்று கேட்கிறோம். ஆலோசகரிடமும் கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

1. “நீங்க என்ன படிச்சிருக்கீங்க? எத்தனை வருஷமா இந்த வேலை?”
2. “நான் சொல்றதை என் வீட்டுக்காரர்கிட்டயோ அத்தைகிட்டயோ சொல்வீங்களா?” உயிருக்கு ஆபத்து என்ற நிலை தவிர, உங்கள் அனுமதி இல்லாமல் சொல்லக்கூடாது.
3. “என்னைத் தனியாப் பார்ப்பீங்களா?”
4. “ஒரு தடவைக்கு எவ்வளவு ஆகும்? எத்தனை தடவை வரணும்?” தனியாரிடம் போகும் முன்னே இதைக் கேட்டுவிடுங்கள்.
5. “அடிக்கிறதைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?” இந்தக் கேள்விக்கு அவர் சொல்லும் பதில் உங்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

நல்ல ஆலோசகர் அதிகம் கேட்பார், குறைவாகப் பேசுவார். முடிவை உங்களிடம் விடுவார். வீட்டிலேயே இருக்கப்போகிறேன் என்றாலும் உதவுவார், வெளியே வரப்போகிறேன் என்றாலும் உதவுவார். உங்கள் படிப்பு, சாதி, மதம் பார்த்துக் குரல் மாற்ற மாட்டார்.

கீழ்க்கண்டவாறு நடந்தால் வேறு ஆளைத் தேடுங்கள்: “நீ என்ன செய்தாய், அவர் அடிக்கிற அளவுக்கு?” என்று கேட்பவர், அடிக்கிறவரையும் அடி வாங்குகிறவரையும் முதல் நாளே ஒன்றாக உட்கார வைத்து “கை குலுக்குங்கள்” என்பவர் (அங்கே உண்மை பேசிய பெண்ணுக்கு வீட்டில் போய் அடி விழும்), டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்பவர், தேவையில்லாமல் தொடுபவர், ஒரே வாரத்தில் குணமாக்குகிறேன் என்று பெரும் பணம் கேட்பவர்.

முதலில் பார்த்தவர் சரிப்படவில்லை என்றால், “இதெல்லாம் எனக்கு உதவாது” என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். செருப்பு கடித்தால் வேறு செருப்பு வாங்குகிறோமே தவிர, நடப்பதை நிறுத்துவதில்லை.

கணவர்மாருக்கு

இதைப் படிக்கும்போது “எல்லாப் பழியும் ஆம்பளை மேலதானா?” என்று உங்களுக்குத் தோன்றலாம். அப்படி அல்ல. ஷிப்டு வேலை, கடன், மேஸ்திரியின் ஏச்சு, தூக்கமின்மை எல்லாம் உங்களையும் வாட்டுகின்றன. ஆம்பளை அழக்கூடாது என்று சின்ன வயதிலேயே உங்கள் வாயை அடைத்துவிட்டார்கள். பேச இடமில்லாத வேதனையைக் கொண்டுபோய் ஒயின் ஷாப்பில் கொட்டுகிறீர்கள். 14416 உங்களுக்கும் உரிய எண்தான். குடியை விட மருத்துவ உதவி உண்டு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் அவர்கள் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடிப்பவரோடு அவர் குடும்பத்துக்கும் சேர்த்தே சிகிச்சை தருவதில் முன்னோடி. அரசு ஆஸ்பத்திரியிலும் கேளுங்கள்.

ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். கஷ்டம் இருவருக்கும் உண்டு. அதற்காக அடிக்கும் உரிமை ஒருவருக்கும் இல்லை.

உங்களால் இன்றைக்கே செய்யக்கூடியவை: குழந்தையை ஒரு வேளையாவது நீங்கள் தூங்க வையுங்கள். மனைவி சாப்பிட்டாளா என்று பாருங்கள். அவள் கையில் அவளுக்கென்று கொஞ்சம் பணம் இருக்கட்டும். ஆலோசனைக்குக் கூடப் போனால் வெளியே உட்காருங்கள், “என்ன சொன்னாய்?” என்று குடையாதீர்கள். கருத்தடை ஆபரேஷன் செய்துகொள்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் பெண்களாகவே இருக்கிறார்கள். ஆணுக்கான ஆபரேஷன் அதைவிட எளியது. அதையும் யோசியுங்கள்.

மாமியார்மாருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் காலத்தில் நீங்கள் பட்டதை யாரும் கேட்கவில்லை. “நாங்கள்லாம் படலையா?” என்று நீங்கள் சொல்லும்போது அதில் உள்ள வலி எங்களுக்குப் புரிகிறது. உங்களுக்குக் கிடைக்காத ஆறுதலை மருமகளுக்குக் கொடுக்க உங்களால்தான் முடியும்.

சில சந்தேகங்கள்

இது குடும்பத்தைப் பிரிக்கும் வேலை இல்லையா?
இல்லை. குடும்பத்தைப் பிரிப்பது அடியும் குடியும் பழிச்சொல்லும். பயத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும் குடும்பத்தைவிட மரியாதையால் நிற்கும் குடும்பம் உறுதியானது.

ஆலோசகர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டுமா?
பெண்ணிடம் பேசுவது பலருக்கு எளிது. அப்படி வேண்டும் என்று கேட்கலாம். ஆனால் “அனுசரித்துப் போ” என்று சொல்லும் பெண்களும் உண்டு, நியாயமாகக் கேட்கும் ஆண்களும் உண்டு.

மருந்து சாப்பிட்டால் பழகிப்போய்விடுமா?
மனச்சோர்வுக்கான மருந்து வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் “பலனில்லை” என்று விட்டுவிடாதீர்கள். நன்றாகிவிட்டதென்று நீங்களாக நிறுத்தவும் கூடாது. டாக்டர் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கடையில் தானாக வாங்கும் தூக்க மாத்திரைதான் பழக்கமாகும்.

கோயிலுக்கோ தர்காவுக்கோ மாதா கோயிலுக்கோ போகக்கூடாதா?
தாராளமாகப் போங்கள். மனசுக்குத் தெம்பு கிடைக்கும். ஆனால் கட்டி வைப்பது, அடிப்பது, சூடு போடுவது கூடாது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்த கொட்டகை தீப்பற்றி 28 பேர் இறந்தார்கள். ஓடித் தப்பிக்க முடியாமல் இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது.

தற்கொலைக்கு முயன்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸ் ஆகுமா?
இந்தப் பயத்தால் உயிரை விட்டுவிடாதீர்கள். அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக்கூடாது என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. உடனே 108-ஐ அழையுங்கள். வீட்டில் பூச்சிமருந்து, எலிமருந்து இருந்தால் பூட்டி வையுங்கள்.

முடிவாக

அந்தச் சென்னீர்குப்பத்துப் பெண்ணைக் காப்பாற்றியது பெரிய மருந்து எதுவும் அல்ல. முதலில் ஒருவர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். அவள் சொன்னதை நம்பினார். பிறகு வழி தெரிந்த இடத்துக்குக் கூட நடந்தார். இந்த மூன்றையும் செய்யச் செவிலியர்தான் வேண்டும் என்பதில்லை. கணவர் செய்யலாம், மாமியார் செய்யலாம், பக்கத்து வீட்டு அக்கா செய்யலாம்.

இந்த வெளியீட்டைப் படித்து முடித்த கையோடு, உங்கள் வீட்டுப் பெண்ணிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “உன் மனசு எப்படி இருக்கு?” கேட்டுவிட்டு, அவள் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருங்கள்.

“அனுசரித்துப் போ” என்று ஒருவரை மட்டும் பார்த்துச் சொல்லாதீர்கள். இருவரும் அனுசரித்தால் அதுவே குடும்ப நலம்.